துருவில் ஒட்டியிருந்த உமி

நேற்று எங்கள் தூத்துக்குடி வீட்டு ஜன்னல் கம்பியை பெயிண்டர் சுரண்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்துப் பக்கம் குடியிருந்தால் வருஷா வருஷம் இந்தத் தண்டச் செலவு உண்டு. உப்புக்காற்று எதையும் விடாது. துரு வாசனை மூக்கில் ஏறியதும், "அண்ணாச்சி, பைய, பைய!" என்று கத்திவிட்டேன்.

"துருவுக்கு என்னம்மா, வலிக்கவா போகுது?" என்று சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, தாமிரபரணிக் கரையில், பரம்பு என்று சொல்லும் மேட்டு நிலத்தில் நடந்த அகழாய்வில். கிடைக்கும் பொருளுக்கு நம்பர் போட்டு நோட்டில் எழுத வேண்டும். செத்தவர்களைத் தாழியில் வைத்து, கூடவே நெல்லும் இரும்புக் கத்தியும் வைத்துப் புதைத்த ஆதி ஜனங்களின் இடம் அது. இரும்பு அவர்களுக்கு அப்போது புதுசு. தெருவில் முதல் ஃபிரிட்ஜ் வாங்கிய வீட்டார் மாதிரி பீற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மண் அள்ள வந்தவள் பேச்சியக்கா. நடவு இல்லாத மாதங்களில் அந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். ஒருநாள் தாழிக்குள் கத்தி ஒன்று கிடைத்தது. துருவின் மேல் கோடு கோடாகத் தடம்.

"ஏளா, இது உமிலா! நெல்லு குத்துனவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

அதிகாரி குதித்தே விட்டார். அந்த ஜனங்கள் நெல் விளைத்ததற்கு அதுதான் சாட்சியாம். மறுநாள் போட்டோ எடுக்க வேண்டும் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. நான் பக்கத்து நாசரேத் ஊர்க்காரி. ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் வீட்டுப் பாத்திரமெல்லாம் புளி போட்டுத் துலக்கியாக வேண்டும் என்று வளர்ந்தவள். தடம் நன்றாகத் தெரியட்டுமே என்று, மேல்மண் போக, லேசாகப் புளி தொட்டுத் தேய்த்தேன். மடச்சி! மண்ணோடு துருவும் உமியும் சேர்ந்து போய்விட்டன.

"யார் இதைக் கழுவினது?" என்று அதிகாரி கத்தினார். தண்ணீர் வாளி பேச்சியக்கா பக்கத்தில் இருந்தது.

"நான் கழுவலைய்யா" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து அவளை வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

போன மாதம்தான் அவள் ஊருக்குப் போகத் துணிந்தேன். பரம்பில் குழிகளை மூடி வேலி போட்டிருந்தார்கள். பேச்சியக்காவும் இல்லை. மகள்தான் இருந்தாள். அங்கே அவள் அம்மாவோடு வேலை பார்த்தவள் என்று சொன்னேன்.

"எங்க அம்மை சாகுத வரைக்கும் 'நான் கழுவலை'ன்னே சொல்லிக்கிட்டு கெடந்தா. ஊர்ல ஒருத்தரும் நம்பலை. நீங்க நம்புதீயளா?"

"நம்புதேன்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.