அவருக்கு வைத்த மீன் தலை

சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். என் வீட்டுக்காரருக்குக் கருமாதி முடிந்தும் எனக்கு அழுகை வரவில்லை. கோல சிலாங்கூர் எஸ்டேட் வீட்டில் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். பார்க்கச் சகிக்காமல் மகள் என்னை ரவாங்கில் நடந்த ஜப்பானிய இலையுதிர்கால உணவு விழாவுக்குக் கூப்பிட்டாள். போனேன். அவ்வளவுதான்.

அந்தப் பருவத்து மீனாம். தலையோடு முழுசாகச் சுட்டுக் கொடுத்தார்கள். துக்கத்துக்குப் பிறகு நான் தொட்ட முதல் மீன் அது. என் கை அதுபாட்டுக்குத் தலையைக் கிள்ளி, பக்கத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டில் வைத்தது. எங்கள் வீட்டில் தலை எப்போதும் அவருக்குத்தான்.

மகள் அந்தத் தட்டையே பார்த்தாள்.

மீன் சுட்ட ஜப்பான்காரரும் கவனித்திருக்கிறார். யாரோ வரப்போகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, தட்டுக்குப் பக்கத்தில் சூடாக ஒரு கப் தேநீர் வைத்துத் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

"ஆள் இல்லைன்னு சொல்லிடவாம்மா?" என்றாள் மகள்.

"வேணாம்லா. இருக்கட்டும்."

என் மீனைத் தின்றேன். ருசி தெரியவில்லை. அப்போதும் அழவில்லை. ஆனால் அந்தத் தேநீரில் ஆவி பறந்த வரைக்கும், என் வீட்டுக்காரர் கை கழுவத்தான் போயிருந்தார்.