செத்தவர் ஓடிய கால் மைல்

எங்கள் அப்பா வீடு வந்து சேர்ந்தபோது, தோட்டத்து ஏட்டின்படி அவர் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மலாயாவில் அவசரகாலம் அது; காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட சமயம். அலோர் காஜாவிலிருந்து மஸ்ஜித் தானாவுக்குப் போகும் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தொழிலாளர் லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, போக வர ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அந்த வீட்டில் யார் யார் என்று எழுதிய தாள் ஒட்டியிருக்கும். தாளில் பெயர் இல்லாதவர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலிக்குள் இருந்தால் போலீஸ் லாரிதான். எங்கள் தாளில் அம்மா பெயரும் என் பெயரும் மட்டுமே இருந்தன. கணவர் என்ற இடத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று இருந்தது. அம்மா சொல்ல, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி எழுதியது.

எனக்கு வாய் சும்மா இராது. “அப்பா செத்துட்டாருன்னா நீ ஏன் பொட்டு வெச்சிருக்கே?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“அது தாளுக்குச் சொன்னது. நெத்திக்குச் சொல்லல” என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது.

அப்பா ஓட்டக்காரர். கால் மைல் ஓட்டத்தில் மலாக்கா பக்கத்துத் தோட்டங்களில் அவரை அடிக்க ஆளில்லை என்பார்கள். அவர் வாங்கிய கோப்பை ஒன்று எங்கள் வீட்டில் தீப்பெட்டி போட்டுவைக்க உதவியது. எனக்கு இரண்டு வயதானபோது சிங்கப்பூரில் ஒரு கம்பெனி ஓட்டக்காரருக்கு வேலை தருகிறது என்று லாரி ஏறிப் போனார். பிறகு ஜப்பான்காரன் வந்தான். ஆள் போனது போனதுதான், கடிதம்கூட இல்லை. சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று பாதிப் பேரும், வேறு குடும்பம் வைத்திருப்பார் என்று மீதிப் பேரும் சொன்னார்கள்.

என் பதினாலாவது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கேட்டில் பெயர் கொடுத்துவிட்டு நடந்து வந்தார். நான் முதலில் அவருடைய கால்களைத்தான் பார்த்தேன். இந்தக் காலா ஓடியது என்றிருந்தது. சின்னதாகத் தொந்தி, போதாக்குறைக்கு வலது முட்டியில் ஒரு வீக்கம். கையில் பால் டின். அந்த நாளில் டின் சாமான் காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடக்கூடாது என்று கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் பால் ஒழுகி, அவர் சட்டைக் கை விறைத்துக் கிடந்தது.

அம்மா அவரைப் பார்க்கவில்லை, டின்னைப் பார்த்தாள். “எறும்பு ஏறுது. தண்ணித் தட்டுல வைக்கச் சொல்லு” என்றாள் என்னிடம். பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த புருஷனுக்கு அதுதான் வரவேற்பு.

அலோர் காஜாவில் ஒரு முஸ்லிம் பெரியவரின் மளிகைக் கடையில் அப்பா வேலைக்குச் சேர்ந்து, கடை மாடியிலேயே படுத்துக்கொண்டார். வெள்ளியும் ஞாயிறும் மத்தியானத்துக்கு மேல் எங்களைப் பார்க்க வருவார். வந்தால் முன்வாசலில் பலகை போட்டு உட்காருவார். கதவில் ஒட்டியிருக்கும் தாளை ஒருமுறை படிப்பார். தன் சாவைத் தானே படிக்கிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“இத்தனை வருஷம் எங்கப்பா இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“சிங்கப்பூர்லதாம்மா. மூட்டை தூக்கி முட்டி போச்சு. ஓடிப் பேர் வாங்குறேன்னு போனவன், நொண்டிக்கிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? வெக்கமா இருந்திச்சு.”

அடுப்படியில் பாத்திரம் டமார் என்றது. “வெக்கத்துக்குத் தபாலாபீஸ் தெரியாதாமா, கேளு” என்றது அம்மாவின் குரல்.

இப்படித்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள், நடுவில் என்னை நிறுத்தி. அம்மாவின் பெரிய குறை வேறு. “லாரியில ஏறினவரு ஒரு தடவயாச்சும் திரும்பிப் பாத்தாரான்னு கேளு.”

கேட்டேன். அப்பா தலையைச் சொறிந்தார். “ஓடுறவன் திரும்பிப் பாக்கக்கூடாதும்மா. பாத்தா கால் தடுமாறிடும். அந்தப் பழக்கந்தான்.”

“ஓடினது லாரிதானே? இவரா ஓடினாரு?” என்றது அடுப்படி.

அப்பா குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கேட்டில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது முதல் மணி. ஆறுக்கு இரண்டாவது மணி, உடனே கேட்டைச் சாத்திவிடுவார்கள். மத்தியானம் முழுவதும் அம்மா அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடத் தரமாட்டாள். முதல் மணி அடித்துச் சில நிமிஷங்கள் போன பிறகுதான் டீ வரும், அதுவும் கொதிக்கக் கொதிக்க. அப்பா அதை ஊதி ஊதிக் குடித்து முடிப்பார், ஒரு சொட்டு வைக்கமாட்டார். பிறகு ஓடுவார். எங்களுடையது கடைசி லயம். அங்கிருந்து கேட்டுக்கு ஏறக்குறையக் கால் மைல். லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும். “செத்தவரு ஓடுறாரு!” என்று கத்துவார்கள். கேட்டிலிருந்து மலாய்க் கான்ஸ்டபிள், “லெக்காஸ், லெக்காஸ்!” என்று, சீக்கிரம் வரச் சொல்லிக் கையை ஆட்டுவார்.

முட்டி வீங்கிய கால்தான். ஆனாலும் பத்தடி தாண்டியதும் அந்த உடம்பில் என்னவோ மாறிவிடும். தொந்தி எங்கே போகும் என்று தெரியாது. எனக்குப் பெருமை பொங்கும்.

அம்மா ஏன் இப்படிப் படுத்துகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் தெரிந்தது. அப்பா ஓடத் தொடங்கியதும் அம்மா வாளியை எடுத்துக்கொண்டு பொதுக் குழாய்க்குப் போவாள். அங்கிருந்து பார்த்தால் கேட்டு வரைக்கும் தெரியும். அன்று நானும் பின்னாலேயே போனேன். வாளி நிறைந்து தண்ணீர் அவள் காலில் வழிந்தது, அவளுக்கு அது தெரியவில்லை. அப்பா பெயர் வாங்கிய காலத்தில் பெண்கள் மைதானத்துப் பக்கம் போகமாட்டார்களாம். கட்டிய புருஷன் ஓடி அவள் பார்த்ததே இல்லை. கொதிக்கிற டீயின் ரகசியம் அதுதான்.

ஆனால் அவர் பெயரைத் தாளில் சேர்க்கச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. பாதி ரோஷம், பாதி பயம். பதிவின்போது பொய் சொன்னேன் என்று கிராணியிடம் ஒத்துக்கொண்டால் என்ன செய்வார்களோ என்ற பயம். மாசக் கடைசியில் கிராணி தாள்களை மாற்றி எழுதப்போவதாகச் சொல்லிவிட்டார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னிடம், அடுப்படிக்குக் கேட்கும்படி, சொன்னார்:

“கடை மொதலாளியோட தம்பிக்குச் சிங்கப்பூர்ல ஆள் வேணுமாம். இங்க எனக்கு எடமில்லன்னா நான் நாளைக்கே பொறப்படறேன்மா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் மணி அடித்தது. டீ வரவில்லை. வழக்கத்தைவிடத் தாமதித்து வந்தது, என்றைக்கும் இல்லாத சூட்டோடு. அப்பா கண்ணில் நீர் வர அதைக் குடித்தார், தம்ளரைக் கவிழ்த்து வைத்தார், ஓடினார். அம்மா வாளியை எடுத்தாள்.

அன்றைக்கு ஓடியது போல் அவர் என்றுமே ஓடவில்லை. கேட்டுக்கு இருபதடி இருக்கும்போது விழுந்தார். இரண்டாவது மணி அடித்தது. கேட்டைச் சாத்தினார்கள்.

அடுத்த நிமிஷம் வாளி உருண்டது. அம்மா ஓடினாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் மூச்சிரைக்கப் பின்தொடர, அந்தக் கால் மைலையும் ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கான்ஸ்டபிள் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்திருந்தார். கிராணி ஏட்டோடு நின்றார். “இந்த ஆளு எந்த வீடு?”

“எங்க வீடு. என் புருஷன். செத்துட்டாருன்னு நாந்தான் பொய் சொன்னேன். எங்க இருக்காருன்னு தெரியாதுன்னு சொல்லியிருந்தா, காட்டுக்குள்ள போயிட்டாருன்னுல்ல எழுதியிருப்பீங்க?”

கிராணி கண்ணாடியைக் கழற்றினார். “இப்ப என்னம்மா எழுதச் சொல்ற?”

“உசுரோட இருக்காருன்னு எழுதுங்க.”

அன்று அப்பாவைக் காவல் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டார்கள். மறுநாள் போலீஸ் அதிகாரி வந்து அவருடைய அடையாளக் கார்டைப் புரட்டிப் பார்த்தார். அம்மாவைத் திட்டித் தீர்த்தார், கைநாட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். தாளில் மூன்றாவது பெயர் ஏறியது.

அப்பாவின் முட்டிக்கு நான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். “வேணும்னேதானே விழுந்தீங்க?” என்றேன். அவர் முட்டியைக் காட்டி, “அய்யோ, மெதுவாம்மா” என்றார். அது பதிலாகுமா? அம்மாவிடம் போனேன்.

“நீதான் கொழாகிட்ட நின்னு பாத்தியே. வேணும்னேதானே விழுந்தாரு?”

அம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மத்தியானம் மூன்று மணிகூட ஆகவில்லை.

“நான் நிக்கிறேனான்னு திரும்பிப் பாத்தாரு” என்றாள். “பன்னெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பிப் பாத்தா, விழாம என்ன பண்ணுவாரு?”