ஏழாவது தொட்டியின் சத்தம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, மொட்டைமாடியில் இருந்த ஏழாவது மண்தொட்டியை ஒன்றரை அடி நகர்த்தி நிழலில் வைப்பது என்று முடிவு செய்தேன். அவசரத்தில் எடுத்த முடிவல்ல. சித்திரை வெயில், தொட்டியின் வயது, என் இடுப்பு ஆகிய அனைத்தும் பரிசீலிக்கப்பட்டன. சாக்கில் வைத்து இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது கைபேசி ஒலித்தது. கோகிலா அம்மணி விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்றார் அவர் மகன் பிரபு. நான் முதலில் திரும்பிப் பார்த்தது தொட்டியைத்தான்.

துடியலூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் கீழ்வீட்டுக்காரர் அவர். நூல்மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற இயந்திரத்தில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வாராம். ஓய்வுக்குப் பின் அந்தக் காதை மொட்டைமாடியில் தான் வைத்திருந்த ஏழு மண்தொட்டிகளுக்கு ஒதுக்கினார். வாரம் ஒருமுறை விரலை மடக்கித் தட்டுவார். கணீரென்றால் நலம், மந்தமாகக் கேட்டால் விரிசல். தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்த டாக்டரைப் பற்றிக்கூட, "அவருக்குத் தட்டவே தெரியலீங்கண்ணா" என்று குறைபட்டுக்கொண்டவர் என்பதை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அறிவார்கள்.

தொட்டிகளின் மேல் பூத்த வெள்ளை உப்பை மறைக்க ஒருமுறை நான் எனாமல் பெயிண்ட் வாங்கி வந்தேன். மாடிப்படியிலேயே தடுத்துவிட்டார்.

"அது மூச்சு உடற சாமானுங்கண்ணா. உங்க மூஞ்சிக்கு ஒரு கோட்டிங் அடிச்சுட்டு மூச்சு உட்டுப் பாருங்க."

பிறகு தேங்காய் நாரைக் கையில் கொடுத்து, ஏழு தொட்டிகளையும் தேய்க்க வைத்தார். உப்புக்குக் காரணமான போர் தண்ணீரை நிறுத்தி நல்ல தண்ணீருக்கு மாறினோம். மாறினோம் என்றால், நான் சுமந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று சொன்னார்: "நான் வார வரைக்கும் பாத்துக்குங்கண்ணா. விளிம்பப் புடிச்சு மட்டும் தூக்கிப்போடாதீங்க."

மூன்றாம் நாள் விளிம்பைப் பிடித்துத் தூக்கினேன். எலுமிச்சை வைத்திருந்த ஏழாவது தொட்டியில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. அதன்பின் நான் காபியைச் சூடாகக் குடித்ததில்லை. தண்ணீர் ஊற்றினால் கோடு நீளுமோ, ஊற்றாவிட்டால் செடி காயுமோ, அவர் திரும்பி வந்தால் என்ன சொல்வது என்று மாடிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படுக்கையிலிருந்து அழைத்தார். "ஒவ்வொண்ணாத் தட்டுங்க, கேக்கறேன்." கைபேசியை அருகில் வைத்து ஆறைத் தட்டினேன். ஏழாவதற்குப் பதில் முதல் தொட்டியையே மறுபடி தட்டினேன்.

"ஏனுங்கண்ணா, மொதல்ல தட்டுனதையே கடேசிலயும் தட்டுனீங்களா?"

"ஆமாங்க அம்மணி."

"எலுமிச்சையா?"

"விளிம்பப் புடிச்சுப்போட்டேனுங்க."

சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "செம்புக் கம்பிய ரெண்டு சுத்துக் கட்டுங்க. தூக்காதீங்க, சாக்குல வெச்சு இழுங்க. வெயில்ல உட்டுப்போடாதீங்க. விரிசல் உட்ட தொட்டியும் செடி வளக்குமுங்க."

அதுதான் கடைசி அழைப்பு. அன்றே கம்பி கட்டினேன். நிழலுக்கு இழுக்க இரண்டு நாள் யோசித்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியவை ஒரு பிடி தேங்காய் நாரும், தட்டிவிட்டுக் காது கொடுக்கும் பழக்கமும். தட்டும்போது இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள், தொட்டிகளை எடுத்துப்போகப் பிரபு வண்டி கொண்டுவந்தார். விரலை மடக்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஆறை ஏற்றிக்கொண்டார். ஏழாவதை விட்டுவிட்டுப் போனார்.