லக்ஷன்ரை திதி

என்ரை மனுசன் சுபாஸ் மருதனார்மடச் சந்தியிலை ஓட்டோ ஓடுறவர். "வெளிநாடு போய்த் திரும்பின ஆள்" எண்டு சனம் கதைக்கும். திரும்பின ஆளாம்! ஏதோ சம்பாதிச்சுக் கொண்டுவந்த மாதிரி. பிடிச்சு அனுப்பினவங்கள். வந்து நாலு வருசமாச்சு. மார்கழிப் பனிக்கே போர்வைக்குள்ளை முடங்கிற மனுசன் பனிமலை ஏறினவர் எண்டா ஆர் நம்புவினம்?

அவரோடை நடந்தவன் லக்ஷன். எங்கடை ஊர்ப் பொடியன், இருபத்திமூண்டு வயசு. "ஒரு நாள் நடை, பின்னேரம் பிரான்சிலை நிப்பியள்" எண்டு ஏஜென்சிக்காரன் இத்தாலிப் பக்கம் மலையடியிலை காலமை இறக்கிவிட்டிட்டுப் போட்டான். காலிலை கன்வஸ் சப்பாத்து, அதுக்கு மேலை சொப்பின் பை கட்டினது. அண்டைக்குப் பட்டிப்பொங்கல். "அண்ணை, ஊரிலை மாட்டுக்கு மாலை போடுறாங்கள், எங்களுக்கு வந்த கேட்டைப் பாருங்கோ" எண்டு பகிடி விட்டுக்கொண்டு வந்தவனாம். பனியை அள்ளி வாயிலை போட்டிட்டு, "சீனி காணாது" எண்டவனாம்.

மத்தியானத்துக்குப் பிறகு சறுக்கி விழுந்தான். கணுக்கால் போச்சு. இவர் தூக்கிப் பாத்தார், இழுத்துப் பாத்தார், ஏலேல்லை. ஒரு பாறைக்குக் கீழை அவனை இருத்தி, தன்ரை தொப்பியைக் கழட்டி அவன்ரை தலையிலை போட்டுவிட்டு, "இரடா, ஆள் கூட்டிக்கொண்டு வாறன்" எண்டு இறங்கினவர்.

பொழுதுபடக் கீழை ஒரு ஊர் வந்துது. ஒரு கடைக்கார மனுசி இவரைக் கண்டு இரங்கி, உள்ளுக்கை இருத்திச் சூடாக் குடிக்கவும் குடுத்தவ. இவர் வாய் திறக்கேல்லை. திறந்தா பொலிஸ் வரும், எல்லாம் பாழ் எண்ட பயம். குடிச்சிட்டு அங்காலை போட்டார். மூண்டாம் நாள் பிடிபட்டதுதான் மிச்சம். அப்பவும் சொல்லேல்லை.

என்னட்டை மட்டும் சொன்னவர். "நீங்கள் ஒரு மனுசனோ?" எண்டு கத்தினன். கத்திப்போட்டு நானும் வாயை மூடிக்கொண்டன். என்னை மட்டும் நல்லவள் எண்டு சொல்ல ஏலுமோ?

லக்ஷன்ரை தாய் மங்கையக்காவுக்கு இவர் சொன்னது வேறை. "எல்லையிலை பிரிஞ்சிட்டம் அக்கா, அவன் வேறை ஆக்களோடை போட்டான்." அக்கா நம்பினா. வெள்ளிக்கு வெள்ளி ஆஞ்சநேயர் கோயிலுக்கு வந்திட்டு ஓட்டோவடிக்கு வருவா. "தம்பி, ஏதும் அறிஞ்சியே?" "இல்லையக்கா." நாலு வருசமா இதுதான்.

போன கிழமை வீட்டை வந்தா. கையிலை லக்ஷன் காணாமப்போன வருசத்துப் பஞ்சாங்கம்.

"இனி என்னாலை ஏலாது தம்பி. அவனுக்குத் திவசம் குடுக்கப்போறன். ஐயர் திதி கேக்கிறார். நீ கடைசியாக் கண்ட நாளைச் சொல்லு."

இவர் என்னைப் பாத்தார். "சொல்லுங்கோ" எண்டன். நிலத்தைப் பாத்துக்கொண்டு முழுக்கச் சொன்னார். சூடாக் குடிச்சதையும் சொன்னார். "பட்டிப்பொங்கலண்டு அக்கா."

மண் அள்ளித் தூத்துவா எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு அடி அடிச்சிருந்தாலும் ஆறியிருக்கும். அக்கா பஞ்சாங்கத்தை மடியிலை வைச்சா.

"அண்டைக்கு இல்லைத் தம்பி," எண்டா பிறகு. "அடுத்த நாள் அங்கை விடியிற நேரம் எனக்குப் போன் எடுத்தவன். சுபாஸ் அண்ணை ஆள் கூட்டிவரப் போட்டார், இப்ப வந்திடுவார், பயப்பிடாதையம்மா எண்டவன். அதோடை போன் நிண்டிட்டுது. நீ கூட்டிப்போன ஆக்களோடைதான் அவன் போட்டான் எண்டு நினைச்சிருந்தன்."

இவர் நிமிந்து பாத்தார். "இரவு முழுக்க... உயிரோடை இருந்தவனோ?"

"ஓம். உன்னைப் பாத்துக்கொண்டு இருந்தவன்."

கண்ணாடியைப் போட்டு, பஞ்சாங்கத்தை விரிச்சு, அடுத்த நாளைப் பென்சிலாலை சுத்திப்போட்டு எழும்பிப் போனா.