கலஹா வளைவுகளில் ஒரு தூக்கம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று கண்டியில் என் லொறிகளைத் தெரியாத ஆள் கிடையாது. அடுத்து வாங்கப்போவது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

விற்பனைக் கூடத்தில் என் மனைவி அந்தக் காரைக் குனிந்து பார்த்தாள். “ஏங்க, இதுல உக்காரணுமா, படுக்கணுமா? நீங்க மட்டும் போங்க. நான் பஸ்ல வர்றேன்.”

அவள் மனதுக்காக ஒரு மின்சாரக் குடும்ப வண்டியையும் ஓட்டிப் பார்க்க எடுத்தேன். மலைமேலுள்ள கலஹாவிலிருந்து கீழே பேராதனைக்கு இறங்கினோம். வளைவுகளில் குமட்டும் என்று வழக்கம்போல எலுமிச்சங்காயை மூக்கருகே பிடித்திருந்தாள்.

வண்டியில் சத்தமே இல்லை. தேயிலைச் சரிவில் பனிமூட்டமும் எங்களோடு இறங்கியது. நாங்கள் போகிறோமா, மலைதான் நகர்கிறதா என்றே தெரியவில்லை.

“என்ன, பேச்சையே காணோம்?” என்று திரும்பினேன். தூங்கியிருந்தாள். எலுமிச்சங்காய் மடியில் கிடந்தது. என் வண்டி எதிலும் அவள் கண்ணை மூடியதே இல்லை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே வருவாள்.

எழுப்ப மனம் வரவில்லை. பேராதனையைத் தாண்டி, கண்டியையும் தாண்டி, குண்டசாலைவரை ஓட்டினேன். அங்கே லேசாகக் கண் திறந்தாள்.

“பேராதனை வந்திருச்சாங்க?”

“இன்னும் இல்ல. தூங்கு.”

சிவப்புக் காரை வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். நான் வண்டி ஓட்டுவதை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். இப்படித் தூங்கி யாரும் புகழ்ந்ததில்லை.