சிலும்பி பற்றாத படையல்

எண்பதுகளின் நடுவில், கஞ்சாவுக்குத் தடைச் சட்டம் வந்த மறு வருஷம் நடந்தது இது. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. என் முகத்துக்கும் வாய்க்கும் பெண் கிடைக்கவே முப்பத்திரண்டு வயசாகிவிட்டது. வில்லியனூரிலிருந்து பஸ் மாறி, சோரியாங்குப்பம் பக்கத்தில் இருக்கும் மாமனார் ஊருக்குச் சித்திரை அமாவாசைப் படையலுக்காகப் போயிருந்தேன்.

அந்தப் படையலைச் சுத்துப்பட்டில் 'கஞ்சாத் திருநாள்' என்றுதான் சொல்வார்கள். கிணற்றடியில் ஒரு கல். அதன் முன்னால் சிலும்பி என்கிற மண்குழலில் கஞ்சாவை அடைத்து, ஊருக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளைதான் பற்றவைக்க வேண்டும். முனீஸ்வரனுக்கு என்பார் ஒருத்தர், ஏதோ சித்தருக்கு என்பார் இன்னொருத்தர். பீடிப் புகைக்கே இருமுகிற ஆள் நான். ஆனாலும், "மாமனார் ஊரே கூடி மருமகனுக்குக் கஞ்சா கொடுக்குது, உங்களுக்கு வாய்க்குமா?" என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் பீற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

கிணற்றடிக்கு நடக்கும்போது என் மனைவியின் அண்ணன் விஷயத்தைச் சொன்னார்.

"சாமியும் இல்ல, சித்தரும் இல்ல மாப்ள. அவுரும் இந்த ஊரு மாப்பிள்ளதான். எங்க பெரியம்மா வூட்டுக்காரரு."

கல்யாணமான முதல் வருஷம், தன் மாமனாருக்கு ஒத்தாசையாகக் கிணற்றில் தூர் எடுக்க இறங்கியிருக்கிறார். மண் சரிந்து இடுப்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலும் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். புரண்டு படுத்தால் ஊருக்கே கேட்கும்படி அலறுவாராம். கஞ்சாப் புகை ஒன்றுதான் அவரைக் கொஞ்சம் தூங்கவைத்தது. ஆண்கள் முறை போட்டு உட்கார்ந்து சிலும்பி பற்றவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். சித்திரை அமாவாசையன்று போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்துதான் இந்தப் படையல்.

பஸ்ஸில் ஏறும்போது இருந்த என் வீறாப்பெல்லாம் வரப்பிலேயே உதிர்ந்துவிட்டது.

கிணற்றடியில் அந்தப் பெரியம்மா, எனக்கு அத்தை முறை, உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். புகை போட்டுப் படைத்த பிறகுதான் அன்றைக்கு அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பார். இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, வடை எல்லாம் இருந்தன. சிலும்பி மட்டும் காலி. பக்கத்தில் எங்கள் பக்கத்துப் போலீஸ் போடும் சிவப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏட்டு ஒருத்தர் சங்கடமாக நின்றிருந்தார்.

"சட்டம்மா. நா இன்னா பண்ணட்டும்? வெறும் சாம்பிராணி போட்டுக் கும்புடேன்."

"சாம்பிராணி போட்டா வலி போவுமாய்யா?"

ஏட்டு தொப்பியை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். கூட்டத்தில் ஒரு ஆள், மாநில எல்லை தாண்டிப் போனால் ரகசியமாக வாங்கிவிடலாம் என்று முணுமுணுத்தான். அத்தை திரும்பிப் பார்த்தார்.

"வேணாம்டா. அவுருக்காவ ஒருத்தரும் ஜெயிலுக்குப் போவ வேணாம்." பிறகு கல்லைப் பார்த்து, "அதுக்காவ வலியோட வுட்டுட்டு நா மட்டும் எப்பிடித் துன்றது?" என்றார்.

உச்சி வெயில். அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நீங்க தமாசாப் பேசுவீங்கன்னு பொண்ணு சொல்லிச்சி. அவுரு படுத்துக் கெடந்தப்ப, பொகை தீந்து போற நாள்ல யாராவது இவுருகிட்ட குந்தி எதுனா கத சொல்லுவாங்க. சிரிக்கறப்ப கொஞ்சம் வலி மறந்துடும் அவுருக்கு. எதுனா சொல்லுங்களேன்."

சாவு வீட்டில்கூட வாய் ஓயாதவன் நான். கல்லின் எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். ஜோடிக்க ஒன்றும் தோன்றாததால், நடந்ததையே சொன்னேன்.

பெண் பார்க்க இந்த ஊருக்குத் தனியாகச் சைக்கிளில் வந்தேன். நாய் துரத்தியது. சைக்கிளைப் போட்டுவிட்டு, பந்தல் போட்டிருந்த ஒரு வீட்டுக்குள் ஓடினேன். வாங்க வாங்க என்று இலை போட்டார்கள். பெண் வீட்டில் இவ்வளவு மரியாதையா என்று பாயசம் வரைக்கும் ஒரு கை பார்த்தேன். கை கழுவிவிட்டு, "ரொம்பத் திருப்தி. இந்த வூட்டுல அடிக்கடி இந்த மாதிரி விசேஷம் நடக்கணும்" என்று வாழ்த்தினேன். அது பதினாறாம் நாள் கருமாதி வீடு.

முதலில் ஏட்டுதான் சிரித்தார். தொப்பி கீழே விழுந்தது. அப்புறம் மச்சான், அப்புறம் எல்லோரும். எந்த வீடு என்று அவர்களுக்குத் தெரியும்; அது கருமாதி வீடு என்பது எனக்குத்தான் இன்னும் தெரியாது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. கல்லின் மேல் கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு இலையை அருகே இழுத்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மெல்லும்போதே கண்ணில் நீர் வழிந்தது. நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஊரில் இன்றும் அதைக் கஞ்சாத் திருநாள் என்றுதான் சொல்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. ஆனால் வலியோடு கிடக்கிற யாரையாவது பார்க்கப் போனால், கையில் ஒன்றும் இல்லையே என்று வாசலிலேயே தயங்கி நின்றுவிடாமல் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காரத் தெரிந்திருக்கிறது எனக்கு.