எண்பது எழுத்துக்கு மேல் நீண்ட வரி

அந்தக் காலத்துக் கணினிகளுக்குத் தீனி போட்ட துளையிட்ட அட்டைகளைப் பற்றி ஊரெல்லாம் கேலி பேசிவிட்டு, அப்புறம் இல்லாத அட்டையிடம் உதை வாங்கியவன் என்ற பெருமை தமிழ்நாட்டில் அநேகமாக எனக்கு மட்டும்தான் இருக்கும்.

எங்கள் கம்பெனியின் மெயின்பிரேம் சென்னையில் இருக்கிறது. நான் குன்னூரில், தேயிலைச் சரிவைப் பார்த்த ஓர் அறையில், கம்பளிக் குல்லாயோடு இருக்கிறேன். பீரோ அளவுள்ள அந்தப் பெரிய கணினிக்குள் லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டலாம், ஓட்டினால் அங்கே பக்கத்து ஹாலில் இரைகிற சின்ன சர்வர்களை எல்லாம் அணைத்துவிடலாம் என்று வீடியோ மீட்டிங்கில் நானாகத்தான் வாயைவிட்டேன். யாரும் கேட்கவில்லை. "மெயின்பிரேம் என்றால் அட்டையும் துளையும் என்று நினைத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

மேனேஜர் என்னைவிட இளையவர். மரியாதைக்குக் குறைவில்லை.

"சரி சார், திங்கட்கிழமை காட்டுங்க. வரலைன்னா வீட்லேர்ந்து வேலை பாத்தது போதும். கீழ வந்து மெஷின் பக்கத்துலயே உக்காந்துடுங்க."

கீழே என்றால் சென்னை. மாதமோ மே. மனைவி இங்கே பள்ளியில் கணக்கு டீச்சர். லீவு முடிந்தால் பள்ளி; அவளால் வந்து தங்க முடியாது. ஆக, லாட்ஜ் அறையும் மெஸ் சாம்பாரும்.

அந்த இயந்திரத்தில் லினக்ஸை முதன்முதலாக ஏற்ற ஒரு சடங்கு உண்டு. கோப்புகளைக் கற்பனையான ஓர் அட்டை வாசிப்பானுக்குள் வரிசையாக அனுப்ப வேண்டும். அதில் ஒன்று நெட்வொர்க் முகவரிகளை எழுதிய குட்டிக் கோப்பு. அட்டை என்று எதுவும் கிடையாது. இருப்பதாக இயந்திரம் நம்புகிறது, அவ்வளவுதான். அனுப்பினேன். லினக்ஸ் எழுந்தது, நெட்வொர்க்கைத் தேடியது, திகைத்து நின்றது. மறுபடி அனுப்பினேன். மறுபடி நின்றது. கேபிளைச் சந்தேகப்பட்டேன், சென்னைக்காரர்களைச் சந்தேகப்பட்டேன், ஜன்னலுக்கு வெளியே நின்ற மூடுபனியைக்கூட விடவில்லை.

"ஏனுங்க, பெட்டிய எறக்கி வெக்கட்டுங்களா?" என்றாள் மனைவி.

சனிக்கிழமை காலை, வேறு வழி தெரியாமல், திரையில் ஓடிய செய்திகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான் கொடுத்த வரியின் கடைசி முகவரிக்கு வாலைக் காணோம். எண்ணினேன். சரியாக எண்பதாவது எழுத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. பழைய அட்டையின் அகலம் அதுதான். அதற்கு மேல் நான் எழுதியதை எல்லாம் இயந்திரம் அட்டைக்கு வெளியே போன குப்பையாக எண்ணித் தள்ளிவிட்டிருக்கிறது.

வரியை இரண்டாக ஒடித்து அனுப்பினேன். செய்திகள் மளமளவென்று ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில் லினக்ஸ், நல்ல பிள்ளையாக, என் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது. நான் போட்ட கூச்சலில், சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் காட்டெருமை வந்துவிட்டதென்று கூடையோடு நகர்ந்தார்கள்.

திங்கட்கிழமை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சர்வர்களின் வேலைகள் ஒவ்வொன்றாகப் பீரோவுக்குள் குடியேறின. பக்கத்து ஹாலில் சர்வர்களை அணைக்க அணைக்க இரைச்சல் தேய்ந்து, ஸ்பீக்கரில் யாரோ தும்முவது தெளிவாகக் கேட்டது. மேனேஜர் கைதட்டினார். "சார், நீங்க எறங்கவே வேணாம். அங்கேயே இருங்க!"

குல்லாயைச் சரிசெய்துகொண்டு, வென்று வந்த ராஜாவைப் போலச் சமையலறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மனைவி அடுப்பைத் தணித்தாள். முகத்தில் நிஜமான கவலை.

"அய்யோ, நீங்க எப்படியும் கீழ போயிருவீங்கன்னு அந்த ரூமுல டியூசன் வெக்கறதாப் புள்ளைங்ககிட்டச் சொல்லிப்போட்டனேங்க."